விடியலில் கண் திறக்கும் அசுரன்

விழாத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் மரியாதைக்குரிய வேதாச்சலம் ஐயா அவர்களே! ஊர்ப் பெரியவர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒருநாள் லீவில் வந்திறங்கிய செல்வங்களே! அம்மன் பாதம் பணிந்து அனைவரையும் வணங்குகிறேன்.

மற்ற ஊர்களில் திருவிழாக் களத்தில் கிடத்தும் மண் அசுரனுக்கு வீரன் வாளோங்கும் அந்திப்பொழுதில்தானே கண் எழுதுவார்கள்? நம் களத்தில் மட்டும் விடியலிலேயே எழுதுகிறோமே, ஏன்? யாராவது கேட்டதுண்டா? நான் கேட்டேன். கேட்ட கதையைச் சொல்கிறேன்.

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். அசுரனை வனையும் சந்திரன் ரேணிகுண்டாப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான். திருவிழாவுக்குக் கிடைத்ததோ அரைநாள் லீவு! மத்தியான பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலையிலேயே கண்ணை எழுதிவிட்டான்.

கண் திறந்தால் உயிர் வருமே! எழுந்தான் அசுரன், பனை உயரம் எழுந்தான்! முறைத்தான், சந்திரன் மண்ணானான். பங்காருபாளையம் ரோட்டைப் பார்த்து நடந்தான் அசுரன். பொழுது சாய்வதற்குள் மீளாவிட்டால் சந்திரன் என்றைக்கும் மண்தான்!

அவனுடைய அக்கா பாப்பாத்தி. அம்மனிடம் வரம் பெற்றவள். மாங்காய் லாரியை ஒற்றைக் கையால் தூக்குவாள், ஒரே தாவலில் ஏரியைத் தாண்டுவாள். என்ன தங்கச்சி, சிரிக்கிறாய்? நீ குடம் இடுப்பில், பிள்ளை தோளில் என்று பஸ் ஏறுவதைவிட அது பெரிதா?

ஏரிக்கரையில் ஆயிரம் வருஷமாகக் கல்லாய் நின்று, திருவிழா அந்தியில் மட்டும் வாளெடுக்கும் மாவீரன் வேங்கைவீரனைப் போய் உலுக்கினாள்.

"எழுந்திருண்ணா!"

"என் முறை சாயங்காலந்தானேம்மா?"

"நீ முறை பாத்துக்கினு இருந்தா என் தம்பி மண்ணாவே பூடுவான். தோள்ல ஏறு!"

"பொம்பள தோள்லயா?"

"அப்ப நடந்தே வா, பங்காருபாளையத்துக்கு!"

ஏறினான் ஐயா, மாவீரன் ஏறினான்!

பங்காருபாளையம் மாந்தோப்பு. ரோட்டோரம் குந்தியிருந்தான் அசுரன். வீரன் வாளை ஓங்கினான். பாப்பாத்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருண்ணா. எதையோ பாத்துக்கினு கீறான். இன்னாடா பாக்கற?"

"வருசா வருசம் கண்ணத் தெறப்பீங்க. தெறந்தா கத்திதான் தெரியும். வேற இன்னா இன்னா கீதுன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன். லாரி லாரியா மாங்கா போவுதே, திரும்பி வருமா?"

"மாங்கா வராது. என் தம்பி வருவான். வருசத்துக்கு ஒரு நாளு. அவனத்தான் மண்ணாக்கிட்ட."

அசுரன் லாரிகள் போன ரோட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கும் வருசத்துக்கு ஒரு நாளு குடு. தம்பியத் தரேன்."

"பொழுது சாய்ஞ்சா வெட்டுவேன்," என்றான் வீரன்.

"வெட்டு. பாத்துட்டுச் சாவறேன்."

பகைவனுக்கும் ஒரு பகல் கொடுத்தாள் பாப்பாத்தி! அந்தியில் அசுரன் தானே நடந்து வந்தான். தானே களத்தில் படுத்தான். சந்திரன் தும்மிக்கொண்டே உயிர்த்தான். அதன் பிறகுதான் வாள் இறங்கியது. அன்றுமுதல்தான் நம் களத்தில் விடியலிலேயே கண் எழுதுகிறோம்.

வலிமை தூக்கியது, வாள் வெட்டியது, தம்பியை மீட்டதோ "இன்னாடா பாக்கற?" என்ற ஒரு கேள்வி! கேளுங்கள் தாய்மார்களே, கேட்க அஞ்சாதீர்கள்!

கேட்டிருந்த செவிகளுக்கெல்லாம் நன்றி, கும்பிட்டு விடைபெறுகிறேன். வாள் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. முன்வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் விலகுங்கள் அம்மா, அவன் பார்க்கட்டும்.