அத்தையின் வலது கண்

— கட்டுல கை வைக்காதீங்க அத்தை. நர்ஸம்மா வந்து பிரிப்பாங்க.

— கை வைக்கல. இருக்கான்னு பாத்தேன்.

— எங்க போயிடப் போகுது?

— இந்தக் கண்ண நம்ப முடியாது. ஒரு தடவ உள்ள விழித்திரை பிஞ்சு வந்த கண்ணு.

— அதத்தான் அப்பவே ஒட்டிட்டாங்களே.

— ஒட்டிட்டு, நாள் கணக்கா குப்புறப் படுக்க வச்சாங்க. நீ கட்டிலுக்கு அடியில மல்லாந்து படுத்து எனக்குப் பேப்பர் படிச்ச. உன் புருஷன் உன் காலத் தாண்டி ஆபீஸ் போனான்.

— இப்ப அவரு என் புருஷன் இல்ல அத்தை.

— தெரியும். என் மகன்கறதுதான் மாற மாட்டேங்குது.

— கொஞ்சம் தள்ளிக்கம்மா, கட்டுப் பிரிக்கணும். நீ மகளா?

— என் மருமக.

— முன்னாள் மருமக, நர்ஸம்மா.

— அதுக்கெல்லாம் இந்த பாரத்துல கட்டம் இல்ல. மருமகன்னே போட்டுக்கறேன். பெரியம்மா, இது சாதாரணப் புரை இல்ல. உள்ள இருந்த கூழெல்லாம் திரை ஒட்டறப்பவே எடுத்த கண்ணு, லென்ஸுக்குப் பிடிமானமே இல்லன்னு டாக்டரே சொன்னாரு. லென்ஸ் நல்லா உக்காந்திருச்சு. பார்வை எவ்வளவுன்னு இப்பத்தான் தெரியும்.

— இவங்களுக்கு இது ஒண்ணுதான் நர்ஸம்மா. இடது கண்ணுல வெறும் வெளிச்சம்தான். இருக்கறதும் போயிட்டா என்ன பண்றதுன்னு வருஷக்கணக்கா தள்ளிப் போட்டாங்க. போன வாரம் திடீர்னு போன் பண்ணி, ஆபரேஷன், கிளம்பி வான்னாங்க.

— மகன் வரலையா பெரியம்மா?

— அவன்கிட்ட அடுத்த மாசம்னு சொல்லியிருக்கேன்.

— சரி, மெதுவா திறங்க. எத்தன விரல்?

— மூணு.

— இப்ப?

— மூணுதான். நீ மாத்தவே இல்லையே.

— பரவால்லையே!

— அந்த ஜன்னல் கம்பி வளைஞ்சிருக்கா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?

— உங்களுக்குத்தான். திரை முன்ன அடிபட்டுச்சுல்ல, அது அப்படியேதான் இருக்கும். நான் போய் டாக்டர கூட்டிட்டு வரேன்.

— ஏய், இங்க திரும்பு. எதுக்கு அழுற?

— அழல அத்தை.

— இனிமே எங்கிட்ட அப்படிச் சொல்ல முடியாது. தெரியுது.

— அவ்வளவு பயந்தீங்களே. எப்படி அத்தை சம்மதிச்சீங்க?

— நீ கல்யாணம் பண்ணிக்கப் போறியாமே.

— யாரு சொன்னா?

— உங்கம்மா. உங்களுக்கு வருத்தமில்லையேன்னு கேட்டாங்க.

— உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல அத்தை. அவரு இங்கதான், வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு.

— போன தடவ, என் புள்ள நல்லவன்னு நான் சொன்னத நம்பித்தானே கழுத்த நீட்டின? அந்தத் தம்பிய உள்ள கூப்பிடு. இந்தத் தடவ நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.