பதினேழாம் சாட்சியின் இரண்டாம் கையெழுத்து

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பரமசிவன் அவர்களே, மறைந்தவரின் மகள் ஜெஸ்லின் அவர்களே, முப்பது ஆண்டுகள் அவரோடு தர்க்கம் செய்து ஒரு நாளும் ஜெயிக்காத ஜவுளிக்கடை மைதீன் பாட்சா அண்ணாச்சி அவர்களே, வேலைநாள் என்றும் பாராமல் புளியங்குடியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! வரலாற்று ஆசிரியர், சாட்சிச் செம்மல் ஞானதிரவியம் அவர்களுக்கு என் அஞ்சலி.

எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரும் அவர் நல்லவர் என்றார்கள். நான் அவருக்குக் கீழே பதினாறு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன். அவர் நல்லவர் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. திறமைசாலி என்பதற்கு இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுகிறேன்.

அவருடைய வாழ்நாள் வேலை என்ன? வேதத்தில், அதாவது பைபிளில், உள்ள அற்புதங்கள் நடந்தவைதாம் என்று வரலாற்று முறைப்படி நிறுவுவது. அதற்கு அவர் வைத்திருந்த வாதம் ஒன்றே ஒன்று. சுவிசேஷங்கள் எழுதப்பட்ட காலத்தில் கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். பொய்யாக இருந்தால் எழுந்து மறுத்திருப்பார்கள். யாரும் மறுக்கவில்லை. ஆகவே உண்மை. எவ்வளவு எளிமை! எவ்வளவு அழகு!

அந்த வாதத்துக்குச் சங்கரன்கோவிலிலேயே ஒரு சோதனை நடத்தினார். உபவாச ஜெபத்தில் யாராவது எழுந்து குணமான கதையைச் சாட்சியாகச் சொன்னால், நோட்டில் எழுதுவார். பெயர், ஊர், தேதி, கீழே இரண்டு பேர் கையெழுத்து. இப்படி நாற்பத்தொரு சாட்சிகள். பிறகு அதையே கையெழுத்துகளோடு புத்தகமாக அச்சிட்டார்.

மைதீன் பாட்சா அண்ணாச்சி ஒருமுறை தம் கடையில் வைத்து அவரிடம் கேட்டார். “ஏன் வே, கோயில் புத்துமண்ணப் பூசி சொறி போச்சுன்னு ஆயிரம் பேரு சொல்லுதான். அது கட்டுக்கதைங்கீரு. உம்ம நோட்டுல ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டா அது சரித்திரமா?”

“அவன் கேட்டதச் சொல்லுதான் பாய். எம்மாளு பாத்ததச் சொல்லுதான்” என்றார் சாட்சிச் செம்மல். அண்ணாச்சி துணியை மடிக்கத் திரும்பிவிட்டார். நானும் அருகில்தான் இருந்தேன். நான் மறுத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த நோட்டு எப்படி நிரம்பியது என்று எனக்குத் தெரியும். முதல் சாட்சி சொன்னதை அவரே தம் அழகான கையெழுத்தில் எழுதுவார். இரண்டாம் சாட்சியிடம் அதை வாசித்துக் காட்டுவார். அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார். ஒரே தப்பு மூன்று விடைத்தாளில் இருந்தால் மூன்றுக்கும் பூஜ்யம் போட்டவர் இவர்! நான்கு சுவிசேஷங்களில் மூன்று, வரிக்கு வரி ஒத்துப்போகின்றன, ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்களே என்று கேட்டேன். ஒத்துப்போவது உண்மையின் அடையாளம் என்றார். ஒத்துப்போகாத இடங்களைக் காட்டினேன். கூடிப் பேசவில்லை என்பதற்கு அடையாளம் என்றார். அவரை யாரால் ஜெயிக்க முடியும்?

பதினேழாம் சாட்சிக்கு வருகிறேன். இளையரசனேந்தல் கோமதித்தாய் அம்மாள். அதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெபக் கூட்டத்தில் அவர்கள் எழுந்து நடந்ததாக எழுதியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தலின் கடைசியில், காப்பி அண்டா பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரிந்தவை மனிதர்களின் பின்தலைகள். மறுநாள் ஆசிரியர் அறையில் சாட்சிச் செம்மல் என்னிடம் நோட்டை நீட்டினார்.

“நீரும் அங்கனதான நின்னீரு. போடும் வே.”

போட்டேன். அப்போது நான் தற்காலிக ஆசிரியர். அந்த ஜூன் மாதமே என் வேலை நிரந்தரமானது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நோட்டில் “கால் நடக்க வராமல் சிரமப்பட்டவர்.” ஏழு ஆண்டு கழித்துப் புத்தகத்தில் “பத்து வருடம் படுத்த படுக்கை.” அதோடு ஒரு புது வரி: “விசுவாசத்தோடு மாத்திரைகளை ஓடையில் வீசினார்.” போன வருடம் கோவில்பட்டிக் கூட்டத்தில் ஒருவர், டாக்டர் கைவிட்டு மூச்சே நின்றுபோன பெண் என்று பிரசங்கித்தார். இத்தனையும் நடந்தபோது சாட்சிகள் உயிரோடு இருந்தோம். கோமதித்தாய் உயிரோடு இருந்தார்கள். நான் உயிரோடு இருந்தேன். எழுந்து மறுத்தோமா? ஒருவரும் மறுக்கவில்லை.

கலிலேயாவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கே ஊர்கள் இருந்தன, வரி இருந்தது, ஆளுநர் ஒருவரைச் சிலுவையில் அறைந்தார் என்பதற்கெல்லாம் அந்த ஏடுகளை வகுப்பில் ஆதாரமாகக் காட்டுவேன். இறந்தவர் எழுந்தார் என்பதற்கு, யாரும் மறுக்கவில்லையே என்பது ஆதாரம் ஆகாது. இதை எனக்கு எந்தப் புத்தகமும் கற்றுத் தரவில்லை. இந்த ஊர் கற்றுத் தந்தது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். சங்கரேஸ்வரி. சிறுவயதிலிருந்து வலிப்பு. மாத்திரையால் கட்டுக்குள் இருந்தது. இந்தப் புத்தகம் வந்ததும் வாசித்தாள். எங்கள் வீடு சாமி கும்பிடுகிற வீடு. அவள் மாத்திரையை நிறுத்தினாள். சுவிசேஷத்தையோ ஞானதிரவியத்தையோ நம்பி அல்ல. எங்கள் அம்மாவிடம் அவள் சொன்னது இது: “அண்ணன்லா கையெழுத்துப் போட்டிருக்கான். பாக்காமயா போடுவான்?” எனக்கு இது பிறகுதான் தெரியும். நிறுத்திய இருபத்து மூன்றாம் நாள் துணி துவைக்கும் தொட்டியருகே வலிப்பு வந்து முகங்குப்புற விழுந்தாள். தொட்டியில் தண்ணீர் இருந்தது.

மூன்றாம் நாள் சாட்சிச் செம்மல் துக்கம் கேட்க வந்தார். இதையும் நோட்டில் எழுதுங்கள் என்றேன். நாற்பத்திரண்டாவதாக. நானே முதல் சாட்சி.

“சாட்சிப் புத்தகத்துல சாவ எழுத முடியுமா வே? படிக்கவன் விசுவாசம் என்னத்துக்கு ஆகும்?”

மகா வரலாற்று ஆசிரியர்! குணமானவர்களை எழுதினார். குணமாகாதவர்களுக்கு அவர் ஒரு வரி கொடுக்கவில்லை. பிறகு நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று குணம் என்று கணக்குக் காட்டினார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் இளையரசனேந்தலுக்குப் போனேன். கோமதித்தாய் அம்மாளிடம் மாத்திரை பற்றிக் கேட்டேன். “மாத்திரையா? இன்னைக்குக் காலையிலகூட போட்டேனே. ஓடையில போட்டேன்னு சார்தான் எழுதுனாவ. நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன்” என்றார்கள். அம்மா, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் நடப்பதிலும் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் விட்டதைத்தான் நானும் விட்டேன்.

இன்று என் கையில் ஓர் உறுதிமொழியைக் கொடுத்திருக்கிறார்கள். புத்தகத்தை எழுத்து மாறாமல் ஆயிரம் பிரதி மறுபடி அச்சிடுவோம் என்று நான் வாசிக்க, நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். முடியாது என்று மேடைக்கு வருமுன் ஜெஸ்லினிடம் சொன்னேன்.

“அப்பாவே போயிட்டாங்க அண்ணே. இனி எதுக்கு அதக் கிளறுதிய?” என்று கேட்டார்.

உன் அப்பா போய்விட்டார் அம்மா. புத்தகம் இன்னும் போகவில்லை. எந்த வீட்டிலாவது இன்னொருத்தி அதைப் பிரித்து, தெரிந்தவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஆகவே என் உறுதிமொழி வேறு. அவர் பணியை நான் தொடர்வேன். நாற்பத்தொரு பேர் வீட்டுக்கும் போவேன். ஒவ்வொரு சாட்சியையும் தனியாக உட்கார வைத்துக் கேட்பேன். எதையும் வாசித்துக் காட்ட மாட்டேன். குணமாகாமல் போனவர்களையும் தேடி எழுதுவேன். அதுவரை இந்தப் புத்தகம் அச்சேறினால், முதல் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு போலீசுக்குப் போகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

பதினேழாம் சாட்சியின் கீழே உள்ள இரண்டாம் கையெழுத்து என்னுடையது. நான் எதையும் பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்தை இங்கே, உங்கள் முன்னால் திரும்பப் பெறுகிறேன்.

இதற்கு நீங்கள் அத்தனை பேரும் சாட்சி. வீட்டுக்குப் போய்ச் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அவள் பெயர் சங்கரேஸ்வரி. வயது இருபத்தொன்பது. அண்ணன் கையெழுத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினாள், இருபத்து மூன்றாம் நாள் செத்தாள். இதில் ஒரு சொல்லும் கூட்டாதீர்கள்.