தூத்துக்குடி பஸ்ஸில் வந்த இரண்டு மீன்கள் தொடர்பாக

என் பெயர் சண்முகத்தாய். வயது இருபத்தாறு. கணவர் பெயர் காசிராஜன். காமராசர் மாவட்டம், இராஜபாளையம், கீழத் தெருவில் என் மாமியார் சுடலையம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும்.

எனது கணவர் சத்திரப்பட்டி ரோட்டில் உள்ள ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறி பிட்டராக வேலை பார்த்தார். அவருக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. கலர் மீன் வளர்ப்பது ஒன்றுதான் பழக்கம். எங்களுக்குள் சண்டை சச்சரவு இருந்ததில்லை. குழந்தை இல்லை.

கடந்த 1993ஆம் வருடம் ஆடி மாதம், தூத்துக்குடியில் கலர் மீன் வியாபாரம் செய்யும் பிச்சை முகம்மது என்பவருடைய பழக்கத்தில், கடல் மீன் வளர்க்க வேண்டும் என்று எனது கணவர் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வீட்டின் உள் அறையில் வைத்து, தூத்துக்குடியிலிருந்து லாரியில் கேன்களில் கடல் தண்ணீரும் மணலும் கடல் பாறைத் துண்டுகளும் கொண்டுவந்து நிரப்பி, காற்று மோட்டார் மாட்டினார். அதன் பிறகு அதில் மீன் எதுவும் விடாமல், உரிக்காத பச்சை இறால் ஒன்றைப் போட்டு அழுக விட்டார். வீடெல்லாம் நாற்றம் எடுத்தது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "இப்ப இது வெறுந் தண்ணி. மீனை விட்டா அது கழிக்கிற அழுக்கே அதுக்கு வெசமாயிரும். மொதல்ல அழுகணும். பொறவு அந்த அழுகலத் திங்க கண்ணுக்குத் தெரியாத உசுரு வரும். அது வந்து கல்லுல குடியேறுனாத்தான் மீனு குடியிருக்க முடியும்" என்று சொன்னார்.

பிச்சை முகம்மது கப்பல்காரர்களிடம் வாங்கிக் கொடுத்த ஒரு சொட்டு மருந்து இருந்தது. தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து அதில் அந்த மருந்தை விட்டால் பச்சையாகும். பச்சை போய் மஞ்சளாக நிற்கும் நாளில் மீன் விடலாம் என்று எனது கணவர் எனக்குச் செய்து காட்டினார். தண்ணீர் வெக்கையில் வற்றினாலும் உப்பு வற்றாது என்பதால், கண்ணாடியில் அவர் போட்ட கோடு வரைக்கும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மோட்டாரை மட்டும் நிறுத்திவிடாதே என்று சொல்லிவிட்டு அவர் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். தண்ணீர் இன்னும் தயாராகாததால் மீன் வாங்குவதற்காகப் போகவில்லை, பார்த்துவிட்டு வரத்தான் போனார். அன்று மதியம் வரை தன் கடையில் இருந்ததாகவும், அதன் பிறகு கடலில் குளித்துவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனதாகவும் பிச்சை முகம்மது பின்னர் சொன்னார். எனது கணவர் வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த வாரத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு ஆணின் உடல் கரை ஒதுங்கியிருப்பதாகத் தகவல் வந்து, எனது கணவரின் அண்ணன் ஐயாதுரை போனார். முகம் பார்க்கும்படி இல்லை என்றும், சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன் என்றும், ஊருக்குக் கொண்டுவர முடியாத நிலையில் இருந்ததால் அங்கேயே கொள்ளி வைத்துச் சாம்பலையும் கடலில் விட்டுவிட்டேன் என்றும் வந்து சொன்னார். நான் உடலைப் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் இராஜபாளையத்தில் நடந்தது. எனக்குச் செய்யவேண்டியதையெல்லாம் அன்று செய்தார்கள்.

அதன் பிறகு ஐயாதுரை தொட்டியைக் கவிழ்த்துவிடச் சொன்னார். நான் கவிழ்க்கவில்லை. மோட்டாரை நிறுத்தவும் இல்லை. கரண்ட் போகும் நேரங்களில் எனது கணவர் செய்ததுபோல அகப்பையால் தண்ணீரை அலசிக்கொண்டிருந்தேன். என் மாமியார் அந்த அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். நாற்றம் போய், கடற்கரையில் நின்றால் வருமே அந்த வாசனை மட்டும் இருந்தது.

ஒரு நாள் என் மாமியார் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்துததை நிறுத்து. எம்புட்டு நேரம் ஊத்துத? காலைல எந்திரிச்சா ஊத்துத சத்தம்தான் கேக்கு" என்றார். காரியம் முடிந்ததிலிருந்து நான் தண்ணீர் ஊற்றவில்லை. தினமும் பார்க்கும்போது கோடு வரைக்கும் சரியாக இருந்ததால், நான் தூங்கும்போது மாமியார்தான் உள்ளே வந்து ஊற்றுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

புரட்டாசி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது தண்ணீர் மஞ்சளாக நின்றது. மறுபடியும் ஒரு குப்பியில் பார்த்தேன். மஞ்சளாகவே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை. அதன் பிறகு வீட்டில் இருக்க முடியாமல், ஐயாதுரை பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த இறப்புச் சான்று விஷயமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்துவரலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். துவைத்த சேலைகள் ஈரமாகக் கிடந்ததால் மாமியாரின் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன்.

வக்கீல் வெளியூர் போயிருந்ததால் திரும்பி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பால்கோவாக் கடை ஓரமாக நின்றேன். மதியத்துக்கு மேல் தூத்துக்குடி பஸ் ஒன்று வந்து நின்றது. அதன் கண்டக்டர், இன்று சாட்சியாக வந்திருக்கும் முத்துவீரன், இறங்கி நேராக என்னிடம் வந்து, "யக்கா, ராஜபாளையம் காசிராஜன் வீட்டம்மாதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாய் அறுத்த எண்ணெய் கேன் ஒன்றை என் கையில் கொடுத்தார். அதற்குள் பாலிதீன் பையில் தண்ணீரும், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களும் உயிரோடு இருந்தன. பையின் வாய் பேண்டேஜ் துணியின் ஓரக் கிழிசலால், தறியில் இழை அறுந்தால் போடும் முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் எல்லாக் கட்டும் அந்தக் கிழிசலால்தான் கட்டியிருக்கும்.

யார் கொடுத்தது என்று கேட்டேன். "வீட்டுக்காரர்தான். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல வெச்சுக் குடுத்தாரு. 'தண்ணி இன்னைக்குத்தான் பக்குவமாச்சு, பொழுது சாயுறதுக்குள்ள விட்டுரணும்'னாரு. ஆளை எப்பிடிக் கண்டுபிடிக்கன்னேன். 'வில்லிபுத்தூர்ல எங்கம்மா சேலையைக் கட்டிக்கிட்டு நிப்பா'ன்னாரு" என்றார்.  நான் கேனைச் சாய்க்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எனது கணவர் இறந்த விஷயம் முத்துவீரனுக்குத் தெரியாது. நானும் அப்போது சொல்லவில்லை. பஸ் போய்விட்டது.

அதன் பிறகு நான் வீட்டுக்கு வந்து, பையை அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு மீன்களை உள்ளே விட்டேன். மீன்கள் புது இடத்தில் மிரளவில்லை. நேராகப் போய்ப் பெரிய பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன. என் மாமியார் வாசற்படியில் வந்து நின்று பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை. உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

மறுநாள் ஐயாதுரை வந்து, இது பிச்சை முகம்மது செய்த வேலை என்று கோபப்பட்டு என்னைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனார். பிச்சை முகம்மது அந்த மாதிரி மீன் தன்னிடம் இந்த மாதம் வரவே இல்லை என்று கடை முழுவதையும் காட்டினார். "தங்கச்சி, அல்லா மேல ஆணை. செத்தவன் மையித்தோட வெளையாடுவனா?" என்று அழுதார். எனக்கு அவர் மேல் சந்தேகம் இல்லை.

அதன் பிறகு அங்குள்ள காவல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு, உடலில் இருந்த சட்டையைப் பார்த்தேன். அது எனது கணவரின் சட்டைதான். சட்டைப் பையின் கீழ்ப்பக்கம் கிழிந்ததை நான் தைத்துக் கொடுத்திருந்தேன். தையல் என்னுடையது. அதன் பிறகு பஸ் ஸ்டாண்டில் முத்துவீரனைப் பார்த்து, எனது கணவர் கம்பெனி ஆட்களுடன் நிற்கும் போட்டோவைக் காட்டினோம். அவர் யோசிக்காமல் எனது கணவர் மேல் விரலை வைத்தார். என்ன உடுத்தியிருந்தார் என்று ஐயாதுரை கேட்டார். "சட்டை போடல. ஈர வேட்டியோட நின்னாரு. குளிச்சிட்டு வந்திருக்காருன்னு நெனச்சேன்" என்றார். அப்போதுதான் ஐயாதுரை அவரிடம் விஷயத்தைச் சொன்னார். முத்துவீரன் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் கூப்பிட்டும் செத்த நேரம் எழுந்திருக்கவில்லை.

கேட்கப்பட்டதற்குச் சொல்கிறேன். எரித்தது வேறு ஆளாக இருக்கலாம் என்றும், எனது கணவர் எங்கோ புத்தி கலங்கித் திரிகிறார் என்றும் என் மாமியார் சொல்கிறார். தன் கையால் கொள்ளி வைத்தது தம்பிக்குத்தான் என்று ஐயாதுரை சொல்கிறார். வேறு ஆளின் உடல் என்றால் அந்த ஆளின் வீட்டிலும் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை யாரும் முடிவாகச் சொல்லவில்லை. அவருக்குத் தண்ணீர் பக்குவமான நாள் எப்படித் தெரிந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

நேற்று மாலை முத்துவீரன் எங்கள் வீடு தேடி வந்து, வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "யக்கா, காலைல அவரு மறுபடி அதே எடத்துல நின்னாரு. பயத்துல எனக்கு விசில் ஊத வரல. 'மீனு ரெண்டும் பொழச்சிக்கிடுச்சா?'ன்னு மட்டும் கேட்டாரு. நாளான்னைக்கு அதே டூட்டிக்குப் போறேன். நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

நான் அவரிடம், "மீனு நல்லாருக்குன்னு சொல்லுங்க. தொட்டி வெளிச்சமா இருக்குன்னு சொல்லுங்க. அவுகளுக்குக் கொள்ளி வெச்சாச்சுங்கறதையும் பதமாச் சொல்லிருங்கண்ணே. தெரியாமத்தான் அங்க நிக்காக போல" என்று சொன்னேன்.

முத்துவீரன் அதைச் சொல்லத் தன்னால் முடியாது என்றார். ஆகவே இன்று காலை அவரையும் கூட்டிக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். யார் மேலும் எனக்குப் புகார் இல்லை. நாளை அந்த பஸ்ஸில் ஒரு காவலரை அனுப்பவேண்டும், என்னையும் உடன் அழைத்துப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே நிற்பவர் எனது கணவராக இருந்து, உயிரோடு இருந்தால் வீட்டுக்குக் கூட்டிவருவேன். இல்லையென்றால், சொல்ல வேண்டியதை நானே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்நியர் வாயால் அவர் அதைக் கேட்கக் கூடாது.

மேலே எழுதியிருப்பது என் வாயால் நான் சொன்னது. உதவி ஆய்வாளர் கருத்தையா அவர்கள் எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
கா. சண்முகத்தாய்