அவளுக்கு அந்த ஊசி ஒத்துக்காது

என் காபிக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு, மச்சான். உங்கள் தங்கையே சொல்லியிருக்கிறாள். அவளுடைய இரும்புச்சத்து மாத்திரையோடு தினமும் ஒரு டம்ளர் காபியும் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் மாத்திரையின் சத்து உடம்பில் சேராது என்று டாக்டரம்மா என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவள் பேச்சிலேயே என்னை ஒரு வழி பண்ணிவிடுவாள். "உங்களுக்கு வாய் மட்டும்தாங்க வேலை செய்யுது" என்று உங்கள் எதிரிலேயே சொன்னாள். எல்லோரும் சிரித்தீர்கள். ரத்தம் குறைந்த பிறகு அடங்கிப்போனாள். மாடிப்படியில் பாதியில் நின்று, மூச்சு வாங்க, என் தோளைப் பிடிப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளாக என்னைப் பிடித்தது அப்போதுதான். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

மாத்திரை கேட்கவில்லை என்றதும், இரும்புச்சத்தை ஊசி வழியாக நரம்பில் ஏற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மா. மாதாமாதம் இவ்வளவு ரத்தம் போனால் இதயம் தாங்காது என்றும் சொன்னார். அடுத்த அறையில் ஒரு பெண் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்குள் பழுப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி ஆசையாகப் பார்த்தாள்.

"அவளுக்கு அந்த ஊசி ஒத்துக்காதுங்க. முன்னாடி போட்டப்போ தொண்டை அடைச்சு மூச்சே நின்னுடுச்சு" என்றேன்.

வெளியே வந்ததும் கேட்டாள். "என்னங்க, எனக்கு எப்போ அப்படி ஆச்சு? ஞாபகமே இல்லையே."

"டைபாய்டுல கிடந்தியே, அப்போ. மயங்கிக் கிடந்தவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க."

எனக்குக் கூசிப்போய்விட்டது. அடுத்த முறை டாக்டரம்மா, "கொஞ்சமா ஏத்திப் பாக்கலாம், நாங்க கூடவே இருப்போம்" என்றபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? "கண்ணால பாத்தவன் சொல்றேன், வேணாம்" என்றேன்.

போன வாரம் குளியலறையில் ரத்தம் நிற்காமல் போனது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது உயிர் இல்லை. அவளுக்கு அந்த ஊசியை யாரும் எப்போதும் போட்டதே இல்லை, மச்சான். நான்தான் கொன்றேன்.

ஆனால் ஒன்று. வழியெல்லாம் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காலத்தில் நாங்கள் ரொம்ப ஒற்றுமையாக இருந்தோம்.