டீச்சர் மகள் வாங்கிய சைபர்

“பெத்த பிள்ளைக்கு யாராவது சைபர் போடுவாளாம்மா?”

குளச்சலிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பத்தாம் வகுப்புப் பெண் கேட்டாள். பக்கத்தில் இருந்த அம்மாதான் அவளுக்குக் கணக்கு டீச்சரும் என்பது பதிலில் தெரிந்தது.

“ஏட்டி, ரெண்டு கோணமும் சமம்னு நிரூபிக்கச் சொன்னா, ‘படத்தப் பாத்தாலே தெரியும்’னு எழுதி வச்சிருக்க. மத்த பிள்ளையளுக்க முன்னால நான் எப்பிடி மார்க் போட?”

“தெரியத்தானம்மா செய்யுது?”

“தெரிஞ்சாப் போராது. ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதணும். எத்தன தடவதான் இதச் சொல்லுகது?”

வடிவியலில் ஒருநாளும் தேறாத நான், எனக்கும் சேர்த்துத்தான் திட்டு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மார்க்குதான் போச்சு. சனிக்கிழமை ஸ்டெல்லாகூட முட்டம் பீச்சுக்குப் போகவாவது விடுவியா?”

“அவகூட வேண்டாம். அந்தப் பிள்ள சரியில்ல.”

“எப்பிடிம்மா சொல்லுத? நீ அவகிட்ட ஒரு வார்த்த பேசினதில்லையே.”

“பேசணுமாக்கும்? பாத்தாலே தெரியுதுல்லா.”

மகள் அம்மாவின் கைப்பையைத் திறந்து, சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

“போடுங்க டீச்சர்.”