விளக்கு எரியுது

காப்பி வேண்டாம் அய்யா, குடித்து எட்டு வருஷமாகிறது. வெங்காயம், புளி, வீட்டுக்காரியோடு படுக்கை, எல்லாமே ஐம்பத்து நாலாம் வருஷம் விட்டதுதான். வாசி யோகத்தில் இறங்கியவனுக்கு மூச்சு ஒன்றுதான் சொத்து. பட்டாசுக் கம்பெனியில் திரிக்கட்டுக்கு நான் பொறுப்பு. வேலைக்கு முன்னால், விடியும்போது காட்டுக்குப் போய் ஒரு வறண்ட கிணற்றின் அடியில் உட்கார்ந்து மூச்சை அடக்கிப் பழகினேன்.

என் தங்கை ஆவுடைத்தாயின் புருஷன் வெள்ளைத்துரை சும்மா துணைக்கு வந்தவன். முந்தின நாள் விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டா தின்றுவிட்டு, ஏப்பத்தோடு கிணற்றில் இறங்குவான். ஆறாவது மாதம் மேலே வந்து, "உள்ள யாரோ பேசுறாக மச்சான்" என்றான்.

"சாமியா மாப்ளே?"

"சாமியுமில்ல, பேயுமில்ல. மனுச இனமே இல்ல. ஆனா நம்மளவிட வெவரம் தெரிஞ்சவுக. தெக்கு ஷெட்டுல மூணாவது கட்டுத் திரி நமுத்துப்போச்சாம்."

போய்ப் பிரித்துப் பார்த்தேன். நமுத்துத்தான் இருந்தது.

எட்டு வருஷமாகக் கதவைத் தட்டியவன் நான். திறந்தது புரோட்டா தின்னிக்கு. வயிறு எரிந்தது அய்யா. வாக்குமூலத்தில் பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், குறைக்க வேண்டாம். என்னைப் பற்றி ஏதும் சொன்னார்களா என்று தினமும் கேட்பேன். "ஒண்ணும் பேசலயே மச்சான்" என்று எனக்காக வருத்தப்படுவான். அந்த வருத்தத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது வழக்கம். அடியில் சுடர் நின்றால் ஆள் இறங்கலாம். அணைந்தால் அங்கே கெட்ட காற்று. அது என் வேலை. அந்த நேரம் அவன் கிணற்று மேட்டில் கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருப்பான். அடியில் சுடர் நின்றதும் நான் விளக்கை மேலே இழுத்து, ஊதி அணைத்துவிட்டு, "எரியுது" என்பேன்.

தீபாவளி சீசன், பிறகு தூறல் என்று இருபது நாள் அந்தப் பக்கம் போகவில்லை. கிணற்றுக்குள் தழை விழுந்து அழுகிக் கிடந்தது. அன்றைக்கு விளக்கு பாதியிலேயே அணைந்தது. எனக்கு ஊதுகிற வேலை மிச்சம்.

"எரியுது மாப்ளே" என்றேன்.

ஆவுடைத்தாய் கட்டிக் கொடுத்த தூக்குச்சட்டியை என் கையில் தந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். சிரித்தான். "போன தடவ அவுக ஒண்ணு சொன்னாக மச்சான். அடுத்தாப்புல வெளக்கு அணையும், ரத்தினசாமி எரியுதும்பான், நீ எறங்காதேன்னு. சும்மா இருங்க, எங்க மச்சானப் பத்தி எனக்குத் தெரியும்னுட்டேன்."

இறங்கினான். அவன் பிடி நழுவிக் கயிறு தொய்வதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அதற்குள் கூப்பிட்டிருக்கலாம், காது கேட்கிற தூரம்தான். ஆனால் அய்யா, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர்கள் என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை.