பெள்ளியின் புரட்டாசி

சென்னம்மா: அந்த நீல டப்பாவ ஏன் கண்ணு ஒளிச்சு ஒளிச்சு வெக்கற? இப்படிக் குடு, கழுவணும்.

காவேரி: ஒளிக்கலீங்க அத்தை... ஓரமா வெச்சேன். பெள்ளியோட தீனிதான்.

சென்னம்மா: நாய்த் தீனிக்கு அரிசி மூட்டைக்குப் பின்னாடிதான் எடமா?

காவேரி: எறும்பு வருதுன்னு...

சென்னம்மா: பொழுது விடிஞ்சா புரட்டாசி ஒண்ணு. கவுச்சி பட்டது ஒண்ணு விடாம சமையக்கட்ட விட்டு வெளிய போகணும். இங்க மாமியாக்காரி சட்டி தேய்க்கறா, மருமக நாய்த் தீனிக்குக் காவல் இருக்கறா. நல்லா இருக்கு.

காவேரி: நீங்க நகருங்க, நான் தேய்க்கறேன்.

சென்னம்மா: டப்பாவக் குடுன்னா சட்டியப் புடுங்கற. என்னன்னு சொன்ன அதுல?

காவேரி: கேழ்வரகு பிஸ்கட்டுங்க. டாக்டர் எழுதிக் குடுத்து, உங்க மகன் பெங்களூருலருந்து வாங்கிட்டு வர்றாரே, அதான்.

சென்னம்மா: நானும் அம்பது வருசமா களி கிண்டறேன். எந்தக் கேழ்வரகு கண்ணு கருவாட்டு வாசம் அடிக்குது?

காவேரி: அது... வைட்டமின் வாசம்.

சென்னம்மா: ஓ... வைட்டமினு.

காவேரி: சிரிக்காதீங்க. அவளப் பாருங்க, வாசப்படில எப்படித் தூங்கறா. சொறிஞ்சு சொறிஞ்சு காது ரெண்டும் ரத்தமா கெடந்தா. இப்ப வயித்துல கூட முடி மொளச்சிருச்சு.

சென்னம்மா: பாத்துட்டுதானே இருக்கேன். வருசா வருசம் புரட்டாசில நம்மகூட தயிர்சோறு தின்னுட்டு விரதம் இருப்பா, ஒரு சொறி இருக்காது. ஐப்பசி பொறந்து கோழிக்கொழம்பு ஊத்துனா மறுநாளே ஆரம்பிச்சிருவா. டாக்டர்கிட்ட அதச் சொன்னதே நான்தான்.

காவேரி: நீங்கதான். அதுக்கப்புறம்தானே கோழி ஒத்துக்கலையோன்னு அவருக்கே சந்தேகம் வந்துது.

சென்னம்மா: அப்ப நாளையிலருந்து தயிர்சோறே போட்டுரலாம். டப்பாவத் தூக்கி யாருக்காச்சும் குடுத்துரு.

காவேரி: ஐயோ, கூடாதுங்க! எட்டு வாரம் இதத் தவிர ஒரு பருக்கை அவ வாயில படக்கூடாது. அப்பத்தான் எது ஆகலேன்னு நிச்சயமாத் தெரியும். ஆறு வாரம் ஓடிருச்சு, இன்னும் ரெண்டே வாரம். ஏற்கெனவே ஒரு தடவ கெட்டுப் போயி முதல்லருந்து ஆரம்பிச்சிருக்கோம். இன்னொரு தடவ கெட்டுதுன்னா தளித் தோட்டத்துல திம்மப்பன் மாமாகிட்ட விட்டுருவேன்னுட்டாரு அவரு.

சென்னம்மா: ஜெகதீஷு ஏதோ கோவத்துல சொன்னான்.

காவேரி: கோவம் அவருக்கா? முதல் தடவ மூணாவது வாரம் கோழி எலும்பப் போட்டுக் கெடுத்ததே அவர்தானே! ஷிப்ட் முடிஞ்சு பிரியாணிப் பொட்டலத்தோட வந்தாரு. காலைல பாத்தா வாசல்ல எலும்பு, இவ தரையில உருண்டு உருண்டு சொறியறா. கேட்டா நான் இல்லவே இல்லன்னு சத்தியம் வேற. பத்து நாள் மூஞ்சி குடுத்துப் பேசலையே நான்.

சென்னம்மா: ம்... 'அவரச் சாப்பிடச் சொல்லுங்க', 'அவள சட்ட எடுத்து வெக்கச் சொல்லு'ன்னு நடுவுல நின்னு தூது போனது யாரு?

காவேரி: நீங்கதான். பாவம்.

சென்னம்மா: சரி, பேச்ச மாத்தாத. இந்த வைட்டமின எதுலருந்து எடுக்கறாங்க?

காவேரி: அத்தை... திட்டமாட்டீங்களே?

சென்னம்மா: உன்னத் திட்டறதுக்கு எனக்கு வேற விசயமா இல்ல? சொல்லு.

காவேரி: புழு.

சென்னம்மா: என்னது?

காவேரி: ஈப் புழுங்க. பண்ணையில வளத்து, காயவெச்சு, பொடி பண்ணி... இதுவரைக்கும் அவ தின்னே இருக்காத சத்தாக் குடுத்தா ஒடம்பு ஏத்துக்குமாம். போன புரட்டாசிக்கு ஒரு அட்டை முட்டைய அப்படியே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்தவங்க நீங்க. புழுன்னா வீட்டுக்குள்ள விடுவீங்களா? அதான் பயந்துட்டுப் பொய் சொன்னேன். தப்புதான் அத்தை.

சென்னம்மா: பெருமாளே... அரிசி மூட்டைக்குப் பின்னாடி... புழு!

காவேரி: அத்தை... அழறீங்களா, சிரிக்கறீங்களா?

சென்னம்மா: அடி அசடே! இவளுக்கு எங்க இங்கிலீசு தெரியப்போகுதுன்னு கவரக் குப்பையில போட்டியே, பக்கத்துலயே கன்னடத்துல 'நொணத ஹுளு'ன்னு இருந்துதே, பாக்கலையா? ஈப் புழு! நீ அரூர்க்காரி, உனக்கு அது கோலம். நான் தளிப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் கன்னடம் படிச்சவ.

காவேரி: தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னை வறுத்தீங்க? நல்ல அத்தை!... அப்ப நாளைக்கு?

சென்னம்மா: கேட்டுக்கு வெளிய அவளுக்குப் புதுத் தட்டு வெச்சாச்சு. டப்பாவ வண்டி நிறுத்துற எடத்துல மாட்டிரு. வீட்டுக்குள்ளதானே கவுச்சி கூடாது?

காவேரி: பேசறது நீங்களா? முட்டைக்கே எறங்கி வராதவங்க...

சென்னம்மா: எறங்கித்தானே ஆகணும்... கண்ணு, நீ திட்டமாட்டியே?

காவேரி: எதுக்குங்க?

சென்னம்மா: மூணாவது வாரம்தான் அந்தக் கவரப் படிச்சேன். நம்ம வீட்டுப் புள்ள புழுவத் தின்னுட்டுக் கெடக்குதேன்னு மனசு கேக்கல. ஜெகதீஷு கொண்டாந்த பொட்டலத்துலருந்து ஒரு கால் எடுத்து... போட்டது அவன் இல்ல கண்ணு, நான்தான். அன்னிக்கு சும்மா இருந்திருந்தா புரட்டாசிக்கு முன்னாடியே எட்டு வாரமும் முடிஞ்சிருக்கும். பெருமாள்கிட்ட நான் பேசிக்கறேன்... ஜெகதீஷ்கிட்ட மட்டும் நீ பேசிரு.